பைசா நகரத்து லியனார்டோ

நாம் நாள்தோறும் கணக்கெழுதும் பத்துக் குறிகள் பாரத நாட்டிற் பிறந்தவை. அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தவை. அங்கே அவற்றை வணிகர் கைக்குக் கொண்டு சேர்த்தவருள் தலையாயவர் இத்தாலியப் பைசா நகரத்து லியனார்டோ ஆவார். பிபொனாச்சி என்பது பிற்காலத்தார் அவருக்கு இட்டு வழங்கிய பெயர்.

அவர் கி. பி. 1170-ஐ ஒட்டிப் பிறந்தார். தந்தையார் குலியெல்மோ, வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள புஜியாத் துறைமுகத்தின் சுங்கச் சாவடியில் பைசா வணிகர் சார்பில் அலுவல் பார்த்து வந்தார். அவர் மைந்தரைத் தம்பால் வருவித்துக் கணக்குப் பயில விடுத்தார். பிழைப்பின் பொருட்டுத் தாய்மண்ணை நீங்கிய குடும்பத்துச் சிறுவர் அயலூரிலே இந்திய எண்களைக் கண்டு வியந்தார்.

அந்நாளில் ஐரோப்பியர் உரோமானிய எழுத்துகளாலேயே எண்களைக் குறித்தனர். 888 என்பதற்கு அம்முறையில் 12 எழுத்துகள் வேண்டும். நம் பழந்தமிழ் முறையில் எட்டு, நூறு, எட்டு, பத்து, எட்டு என 5 குறிகள் வேண்டும். சுழியோடு கூடிய இடமதிப்பு முறைக்கோ 3 குறிகளே போதும். அன்றியும், உரோமானிய எழுத்துகளைக் கொண்டு பெருக்குதலும் வகுத்தலும் அரிது. ஆதலின் வணிகர் பலகையிற் காய்களை நகர்த்திக் கணக்கிட்டு, விடையை மட்டும் ஏட்டிற் பொறித்தனர். காய்கள் கலைந்தபின் பிழை எங்கே நேர்ந்ததென்று திரும்பிக் காண வழியில்லை.

லியனார்டோ எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி, புரொவான்சு முதலிய இடங்களுக்குச் சென்று, ஆங்காங்கு வழங்கிய கணக்கு முறைகளை ஆராய்ந்தார். இந்திய முறையே சிறந்ததெனத் தெளிந்தார். ஊர் திரும்பி, 1202-இல் 'லிபேர் அபாசி' என்னும் நூலை 15 அதிகாரங்களில் இயற்றினார். அதன் தொடக்கத்திலேயே 9 இந்திய எண்களையும் சுழியையும் விளக்கினார். பின்னர்ப் பண்டமாற்று, நாணய மாற்று, கூட்டு வணிகத்தின் இலாபப் பங்கீடு ஆகியவற்றுக்கு வழி காட்டினார். 1, 1, 2, 3, 5, 8, 13 எனப் பெருகும் முயற் கணக்கும் அந்நூலிலுள்ளதே. அவ்வரிசையைக் கூர்ச்சர நாட்டு ஏமச்சந்திரர் செய்யுள் மாத்திரைகளை எண்ணுமிடத்து அவருக்கு முன்பே கண்டிருந்தார்.

1225-ஐ ஒட்டிப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவைப் புலவர் ஒருவர் கடினமான முப்படிச் சமன்பாடு ஒன்றை விடுத்தார். லியனார்டோ அளித்த விடை 9 தசம இடங்கள் வரை பொருந்துகிறது. ஆனால் தசம பின்னம் அந்நாளில் ஐரோப்பாவிற் பரவாமையால், பாபிலோனியர் வழிவந்த அறுபதின் முறையிலேயே அதனைக் குறித்தார். புதுமையைப் பரப்பியவரும் பழைமையின் பயனைத் தள்ளிவிடவில்லை.

1240-ஐ ஒட்டிப் பைசா அரசு அவருக்கு ஆண்டுதோறும் 20 லிரா ஊதியம் வகுத்துச் சிறப்பித்தது. எனினும், அவர் பரப்பிய எண்கள் எளிதில் வென்றுவிடவில்லை. 1299-இல் புளோரன்சு நாணய மாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் அவற்றை வழங்கலாகாதெனத் தடுத்தது. சுழியைச் சிறிது திருத்தினால் 6 அல்லது 9 ஆகிவிடுமன்றோ? இவ்வையம் நீங்கி, அச்சு நூல்கள் பெருகிய பின்னர், 16-ஆம் நூற்றாண்டளவில் அவ்வெண்கள் ஐரோப்பாவெங்கும் நிலைபெற்றன.

அயலிடத்தில் வாழ்ந்த அவர் பொருளோடு அறிவையும் ஈட்டினார். ஈட்டியதைத் தம் ஊராருக்கு வழங்கினார். புலம்பெயர்ந்து வாழ்வார்க்கு இதனினும் சிறந்த கைம்மாறு வேறு யாதுளது?