பாறை தேய்ந்தது, கோபுரம் நின்றது

நம்மில் பாதிப் பேர் வீட்டில் சொன்னதால் இன்ஜினியரிங் சேர்ந்தவர்கள். ஜான் ஸ்மீட்டன் கதை அப்படியே தலைகீழ். பையனை வக்கீலாக்க நினைத்தார் அப்பா. பையனுக்கோ மெஷின் பைத்தியம்.

ஸ்மீட்டன் பிறந்தது 1724-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில். அப்பாவும் வக்கீல்தான். சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. கடைசியில் அப்பாவைச் சம்மதிக்க வைத்து, அறிவியல் கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினார். 1753-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் பிளிமத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குப் பெரிய எமன், கடலுக்குள் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எடிஸ்டோன் பாறைகள். 1698-ல் ஹென்றி வின்ஸ்டன்லி அங்கே முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார். எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் அதற்குள்ளேயே இருக்கத் தயார் என்கிற அளவுக்கு அதன் மேல் நம்பிக்கை. 1703 நவம்பரில் அடித்த பெரும்புயலில் விளக்கமும் போச்சு, உள்ளே இருந்த அவரும் போய்விட்டார். அடுத்து ரட்யர்ட் என்பவர் பெரும்பாலும் மரத்தால் கட்டியது, 1755 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது.

மூன்றாவது விளக்கத்தைக் கட்டும் வேலை ஸ்மீட்டனிடம் வந்தது. வயசு 31. அதுவரை ஒரு கலங்கரை விளக்கம்கூட கட்டினதில்லை. முந்தைய இரண்டும் ஏன் போச்சு என்று முதலில் யோசித்தார். எரியாமல் இருக்கணும், அலையும் அசைக்கக் கூடாது. அப்படியென்றால் கனமான கல்தான். வடிவத்துக்கு ஓக் மரத்தின் அடிமரத்தைப் பார்த்தார்: கீழே அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். ஜிக்சா துண்டுகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி கற்களை வெட்டினார்.

அடுத்த சிக்கல், தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து. பல ஊர்ச் சுண்ணாம்புகளை வாங்கி, அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். களிமண் கலந்த சுண்ணாம்புதான் தண்ணீரில் நன்றாக இறுகுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைய சிமென்ட் வரை வந்த பாதையில் இது ஒரு முக்கியமான படி.

கடல் அனுமதித்த நாட்களில் மட்டும் வேலை. 1757-ல் முதல் கல். 1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவர்த்திகளோடு விளக்கு எரிந்தது. அதன் பிறகு பாலம், கால்வாய், துறைமுகம் என்று வேலை குவிந்தது. தன்னை சிவில் இன்ஜினியர் என்று முதன்முதலில் சொல்லிக்கொண்டவர் இவர்தான் என்பார்கள். 1771-ல் இன்ஜினியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியவர்களிலும் ஒருவர். 1792-ல் இறந்தார்.

கோபுரம் அவருக்குப் பிறகும் பல புயல்களைப் பார்த்தது. 1870-களில்தான் பிரச்சினை தெரிந்தது. பழுது கோபுரத்தில் இல்லை, அதைத் தாங்கிய பாறையை அலை அரித்திருந்தது. 1882-ல் பக்கத்துப் பாறையில் புது விளக்கம் வந்தது. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேல்பகுதியைக் கழற்றிக் கொண்டுபோய் பிளிமத் கரையில் திரும்பக் கட்டினார்கள். அடிப்பகுதி இன்னும் கடலிலேயே நிற்கிறது.

வின்ஸ்டன்லிக்குத் தன் கட்டடத்தின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சமில்லை. ஸ்மீட்டனிடம் கூடுதலாக இருந்தது, சந்தேகம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள், எல்லாம் ஓடும்டா என்று லேப்டாப்பை மூடும்போது எனக்கு இப்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். திரும்பத் திறந்து இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுகிறேன்.