கோடுகளில் காலத்தை வரைந்த மினார்

நுழையும்முன்

ஒரு சரக்குந்து புறப்பட்ட இடம், சென்ற வழி, சேர்ந்த நேரம் ஆகியவற்றை இன்று கணினித் திரையில் விரியும் நிலப்படத்தின்மீது நகரும் கோடாகக் காண்கிறோம். வணிக நிறுவனங்களின் தகவல் பலகைகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மாதப் பயணம் சில நொடிகளில் ஓடிமுடிகிறது. கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, மையும் தாளும் கொண்டு இடத்தையும் காலத்தையும் எண்ணிக்கையையும் ஒரே படத்தில் இணைத்துக் காட்டிய பொறியாளரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்வியும் பணியும்

சார்லஸ் ஜோசப் மினார், பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் 1781ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் பிறந்தார். நான்கு வயதிலேயே எழுதப் படிக்கக் கற்றார். பதினாறு வயது நிறையும் முன்னரே பாரிசு நகரின் எகோல் பாலிடெக்னிக் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர்ப் பாலங்கள், சாலைகள் குறித்த பொறியியல் பள்ளியில் பயின்று, கால்வாய்ப் பணிகளிலும் துறைமுகப் பணிகளிலும் ஈடுபட்டார்.

1813இல் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கு நிகழ்ந்த முற்றுகையின் கொடுமைகளை நேரில் கண்டார். போரின் விலை மனித உயிர் என்பதை ஏட்டின்வழி அன்றி வாழ்வின்வழி அறிந்தவர் அவர்.

கோட்டின் அகலமே எண்ணிக்கை

பிரான்சில் இருப்புப்பாதைகள் பரவத் தொடங்கிய காலம் அது. எவ்வழியே பாதை அமைத்தால் மக்களுக்குப் பயன்படும் என்னும் வினா எழுந்தது. அட்டவணைகளில் நிறைந்திருந்த எண்கள் அதற்கு எளிதில் விடை தரவில்லை. 1845இல் டிஜோன், முலூஸ் நகரங்களுக்கிடையே சாலைவழிச் சென்ற பயணிகளின் தொகையை மினார் நிலப்படத்தில் பட்டைகளாக வரைந்தார். பயணிகள் மிகுந்த இடத்தில் பட்டை அகன்றது. குறைந்த இடத்தில் மெலிந்தது. பக்கம் பக்கமாகப் படித்து உணரவேண்டியதைக் கண் ஒரே பார்வையில் உணர்ந்தது.

1851இல், எழுபது வயது நிறைவில், விதிப்படி பணி ஓய்வு பெற்றார். ஓய்வு அவருடைய உழைப்பை நிறுத்தவில்லை. நிலப்படங்களுக்கே தம் நாள்களை முழுமையாக ஒப்படைத்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி ஐரோப்பாவிற்கு வருவது பெரிதும் தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் தேவை பெருகியது. போருக்கு முன்னும் பின்னும் பருத்தி சென்ற கடல்வழிகளை அருகருகே வரைந்து அம்மாற்றத்தை மினார் காட்டினார். ஒரு படத்தில் மெலிந்திருந்த இந்தியப் பட்டை, அடுத்த படத்தில் பருத்துத் தோன்றியது. பட்டைக்கு இடம் போதாதபோது கடல் நீரிணைகளையே அவர் அகலமாக வரைந்தார். நிலத்தின் வடிவத்தைவிட எண்ணிக்கையின் உண்மையே அவருக்கு முதன்மையாக இருந்தது.

ஒரு படையின் கதை

1869ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள், தமது 88ஆம் வயதில், மினார் தம் பெரும்புகழ் பெற்ற படத்தை வெளியிட்டார். நெப்போலியன் 1812இல் உருசியாமீது படையெடுத்துச் சென்று மீண்ட வரலாறே அதன் பொருள். பத்தாயிரம் வீரர்களை ஒரு மில்லிமீட்டர் அகலம் குறித்தது.

நீமென் ஆற்றங்கரையில் 4,22,000 வீரர்களைக் காட்டும் பட்டை, மாஸ்கோவை அடையும்போது 1,00,000 ஆகச் சுருங்குகிறது. வழியில் சில பிரிவுகள் விலகிச் சென்றன. போரும் பசியும் நோயும் ஏனையோரைக் குறைத்தன. கடுங்குளிர் தொடங்கும் முன்னரே படை பெரிதும் தேய்ந்துவிட்டதைப் படம் ஐயமின்றி உணர்த்துகிறது.

திரும்பும் வழி கருநிறப் பட்டையாக அமைந்தது. அதன்கீழ், வெப்பநிலையை ஒரு கோடு காட்டியது. ரெயோமர் அளவையில் உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை அது இறங்குகிறது. செல்சியசில் இது −37.5 பாகை. பெரெசினா ஆற்றைக் கடக்கும் இடத்தில் 50,000 என்னும் எண் 28,000 ஆகிறது. இறுதியில் நீமென் ஆற்றை மீண்டும் கடந்தவர்கள் 10,000 பேரே. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலமுடைய பட்டை ஒரு மில்லிமீட்டராகத் தேய்ந்து முடிகிறது. அப்படத்தில் மன்னனின் உருவம் இல்லை; வெற்றிக்கொடியும் இல்லை.

தாம் பயன்படுத்திய ஆதாரங்களையும், படத்தின் எளிமைக்காகச் சில படைப்பிரிவுகள் முதன்மைப் படையுடனேயே சென்றதாகக் கொண்டதையும் படத்திலேயே அவர் எழுதிவைத்தார். அவரது நேர்மைக்கு இது சான்று.

தெரிந்து தெளிவோம்

இப்படம் தரும் செய்திகள் ஆறு: படையின் எண்ணிக்கை, கடந்த தொலைவு, வெப்பநிலை, இருப்பிடம், சென்ற திசை, நாள்.

இறுதி நாள்கள்

1870இல் பிரசியப் படை பாரிசை நெருங்கியது. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் தாள்களையும் விட்டுவிட்டு, 89 வயதான மினார் போர்டோ நகருக்குச் சென்றார். அங்கே காய்ச்சலுற்று, அக்டோபர் 24ஆம் நாள் மறைந்தார். போரின் இழப்பை வரைந்த கை, மற்றொரு போரின் நடுவே ஓய்ந்தது.

இன்றைய தகவல் பலகையில் நகரும் படம் ஒவ்வொரு கணத்தையும் காட்டி, உடனே கடந்துவிடுகிறது. மினாரின் படமோ அசையாது நின்று, தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் காட்டுகிறது. புறப்பட்டவர் எத்தனை பேர், மீண்டவர் எத்தனை பேர் என்னும் வினாவிலிருந்து அது நம் கண்ணை விலகவிடுவதில்லை. எண்ணைக் கையாளும் எவரும் அதன் பின்னுள்ள மனிதரை மறத்தலாகாது என்பதே அவர் வாழ்வு மாணவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.