தூக்கணாங்குருவி தந்த வாழ்வு



ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் சேரத் தொடங்கும். மேற்கே தெரியும் மலை மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கூடவே விருந்தாளிகளும் வந்து இறங்குவார்கள். யார் தெரியுமா? பறவைகள்தான்! கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கரையோரம் இரை தேடும். வடக்கே குளிர் தாங்காமல் நெடுந்தூரம் பறந்து வந்த வாலாட்டிக் குருவி, வாலை ஆட்டி ஆட்டி ஈர மண்ணில் ஓடும்.

இந்த அடைமழைக் காலத்தில்தான், நவம்பர் 12-ம் தேதி, ஒரு பெரியவரின் பிறந்தநாள் வருகிறது. அந்த நாளை நம் நாட்டில் தேசியப் பறவைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்தான் 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று புகழ்பெற்ற டாக்டர் சாலிம் அலி. அவருடைய கதையைக் கேட்போமா?

சாலிம் அலி 1896-ம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தார்.

மாமா கொடுத்த ஏர்கன் ஒன்று சாலிமிடம் இருந்தது. குருவிகளைச் சுடுவதுதான் அப்போது அவருக்கு விளையாட்டு! ஒருநாள் அவர் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி? மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்று கேட்கச் சொன்னார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் சிறுவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். இத்தனை வகையா என்று சாலிம் வியந்து போனார். கொல்லக் குறிபார்த்த கண்கள், அன்றிலிருந்து அறிந்துகொள்ளப் பார்க்கத் தொடங்கின.

ஆனால் பறவை ஆசை சோறு போடவில்லை. கல்லூரிக் கணக்குப் பாடம் அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. படிப்பை விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்றார். அங்கும் காட்டில் பறவைகளைப் பார்த்ததுதான் மிச்சம். 1917-ல் ஊர் திரும்பி, விலங்கியல் கொஞ்சம் படித்தார். 1918-ல் தெஹ்மினா என்பவரை மணந்தார். பறவை ஆராய்ச்சி வேலைக்கு முயன்றபோது, பட்டம் இல்லை என்று கதவு சாத்தப்பட்டது. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகருக்குப் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பறவையியல் பயின்றார்.

பயிற்சி முடிந்து 1930-ல் ஆவலோடு திரும்பினால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! கையில் வேலை இல்லை. வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சாலிம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அருகே கடலோரத்தில் உள்ள கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். மழைக்காலம் வந்தது. பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. நம் ஊர்ப் பக்கம் கிணற்றின்மேல் சாய்ந்த கிளையிலும் பனை ஓலை நுனியிலும் சுரைக்குடுக்கை போலத் தொங்குமே, அதே கூடுகள்தான். வேலை இல்லாத மனிதருக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? மாதக்கணக்கில் அந்தக் கூடுகளையே உற்றுப் பார்த்தார். எந்தக் குருவி வந்தது, என்ன செய்தது என்று குறித்துக்கொண்டே வந்தார்.

அப்போது ஒரு ரகசியம் வெளிப்பட்டது. கூடு கட்டுவது ஆண்குருவி. ஆனால் முழுதாகக் கட்டாது, பாதியில் நிறுத்திவிடும். பெண்குருவிகள் வந்து, வீடு பார்ப்பதுபோல ஒவ்வொரு கூடாகச் சோதிக்கும். ஒரு பெண்குருவிக்குக் கூடு பிடித்துவிட்டால் அங்கே தங்கிவிடும். அதன்பிறகுதான் ஆண்குருவி நீண்ட வாசல் குழாயைப் பின்னி முடிக்கும். முட்டையிட்டு அடைகாப்பது தாயின் வேலை. ஆண்குருவியோ அடுத்த கூட்டைக் கட்ட ஆரம்பித்துவிடும்! அந்தக் கூட்டுக்கு இன்னொரு பெண்குருவி வரும். பாதியில் நிற்கும் கூடுகளின் காரணம் இப்போது புரிகிறதா? யாருக்கும் பிடிக்காமல் போன கூடுகள் அவை.

எல்லோரும் தினமும் பார்த்த குருவிதான். ஆனால் பொறுமையாகக் கவனித்தவர் அவர். 1931-ல் இந்தக் கட்டுரை கழகத்தின் இதழில் வெளிவந்ததும், பறவை அறிஞர்கள் நடுவே அவர் பெயர் பரவியது. அந்த மழைக்காலத்து நோட்டுதான் அவருடைய உண்மையான பட்டம்!

பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி காடுகளில் நடந்தார். ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் மேற்கே தெரிகிறதே மலை, அதற்கு அந்தப் பக்கம்தான் திருவிதாங்கூர்! பல பயணங்களில் தெஹ்மினாவும் கூடவே போனார். 1939-ல் அவர் இறந்தது சாலிம் அலிக்குப் பேரிடி. அந்தத் துயரத்திலும் பணியை விடவில்லை. 1941-ல் வெளிவந்த இவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல், சாதாரண மக்கள் கையிலும் பறவைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து 10 தொகுதிகள் கொண்ட பெருநூலை எழுதினார்.

1959 முதல், பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவை எங்கிருந்து வருகின்றன என்று கண்டறியும் பெரும்பணியை நடத்தினார். நம் கோடியக்கரையும் அந்தப் பணி நடந்த இடங்களுள் ஒன்று. பரத்பூர் பறவைகள் சரணாலயமும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கும் அழியாமல் காக்கக் குரல் கொடுத்தார். 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதே சமயத்தில் கிடைத்த பெரிய சர்வதேசப் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1985-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987-ல், 90 வயதில் காலமானார். 1990-ல் கோவை ஆனைக்கட்டியில் அவர் பெயரிலேயே பறவையியல் மையம் தொடங்கப்பட்டது.

குழந்தைகளே! ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலைக் காக்கச் சரணாலயம் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருமுனைக் கண்மாய்க்கு வரும் நாரைக்கு யார் காவல்? நீங்கள்தான்! உண்டிவில்லைத் தூக்கி எறியுங்கள். பறவைகளை வேட்டையாடுவது சட்டப்படியும் குற்றம். கூட்டைத் தொடாதீர்கள், குஞ்சுகளை எடுக்காதீர்கள்.

மழை விட்டதும் பெரியவர்களோடு கண்மாய்க் கரைக்குப் போங்கள். தண்ணீருக்கு அருகில் இறங்க வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று பாருங்கள். தேதி, நேரம், பார்த்த பறவை, எத்தனை, என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரைந்து வையுங்கள். தை மாதம் வரை விடாமல் எழுதினால், எது முதலில் வந்தது, எது வராமல் போனது என்று உங்கள் நோட்டே உங்களுக்குச் சொல்லும்.

மழையில் நனைந்த ஒரு குருவிக்கூடு, வேலை இழந்த மனிதரை உலக அறிஞர் ஆக்கியது. உங்கள் ஊர்க் கண்மாய் உங்களை என்ன ஆக்கப் போகிறதோ, யார் கண்டார்!