பாங்கொலி கேட்டு வளர்ந்த கவிஞர்

ஓர் எழுத்தாளர் எதைக் கொண்டு எழுதுகிறார்? படித்த நூல்களைக் கொண்டு என்போம். கண்ட காட்சிகளைக் கொண்டு என்போம். காதால் கேட்டவையும் எழுத்தாகும் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. வங்காளத்தின் புரட்சிக் கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கும் அது விளங்கியது.

1899ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி, வங்காளத்தின் பர்த்வான் மாவட்டத்திலுள்ள சுருலியா கிராமத்தில் அவர் பிறந்தார். வறுமையான குடும்பம். பிள்ளைக்குச் செல்லப் பெயரே 'துக்கு மியா'. வாப்பா ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். 1908இல் வாப்பா வபாத்தாகிவிட, பத்து வயதளவிலேயே குடும்பச் சுமை நஸ்ருலின் தோளில் ஏறியது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார். மக்தபில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார். ஓசைக்கு உள்ளத்தை அசைக்கும் வலிமை உண்டு என்பதை அந்தச் சிறுவன் முதலில் அறிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பிறகு 'லெட்டோ' என்னும் நாட்டுப்புறப் பாட்டு நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடும் குழு அது. மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டே பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார். குழுவுக்கு வேண்டிய நாடகங்களையும் பாடல்களையும் இளவயதிலேயே எழுதினார். இடையில் அசன்சோல் நகரில் ரொட்டிக் கடையிலும் வேலை செய்தார். படிப்பு பலமுறை அறுந்து அறுந்து தொடர்ந்தது. ராணிகஞ்ச் பக்கத்துப் பாடசாலையில் படித்தபோது ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சாஸ்திரிய இசையின் அடிப்படையைக் காட்டிக் கொடுத்தார்.

1917இல் பாடசாலையை விட்டு இராணுவத்தில் சேர்ந்தார். கராச்சி முகாமில் பஞ்சாபைச் சேர்ந்த மௌலவி ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளை ஓதிக் காட்டினார். அதைக் கேட்டு மயங்கிய நஸ்ருல், அன்றிலிருந்தே அவரிடம் பாரசீகம் படிக்கத் தொடங்கினார். நாம் ஒரு மொழியைக் கற்ற பின்பே அதன் கவிதையைச் சுவைக்கிறோம். அவருக்கோ கவிதையின் ஓசை முதலில் வந்தது, மொழி பின்னால் வந்தது. பின்னாளில் வங்க மொழியில் அவர் கஸல் பாடல்களை எழுதியதற்கு அந்த முகாமில் கேட்ட குரலும் ஒரு காரணம்.

1920இல் படைப்பிரிவு கலைக்கப்பட, கல்கத்தாவுக்கு வந்தார். 1921 டிசம்பரில் ஓர் இரவு 'வித்ரோஹி' என்ற நீண்ட கவிதையைப் பென்சிலால் எழுதினார். மைக்கூட்டில் பேனையைத் தோய்த்துத் தோய்த்து எழுதினால் உள்ளே ஓடும் சந்தத்துக்குக் கை பின்தங்கிவிடும் என்று எண்ணினாரோ என்னவோ! விடிந்ததும் அறைத்தோழர் முஸாபர் அகமதுக்கு அதை வாசித்துக் காட்டினார். அடுத்த மாதம் அது அச்சேறியது; 22 வயது இளைஞரின் பெயர் வங்காளம் எங்கும் பரவியது. ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக 1923இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஹூக்ளிச் சிறையில் ஒரு மாதத்துக்கும் மேலாக உண்ணாவிரதம் இருந்தார். காலில் பூட்டிய விலங்கைப் பற்றியே அங்கு பாட்டுக் கட்டினார்.

1928 முதல் இசைத்தட்டுக் கம்பனியோடு இணைந்து பணியாற்றினார். உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் இராகங்களைக் கேட்டுப் பயின்றார். படகோட்டிகளின் பாட்டு, பாரசீகக் கஸல், துருக்கிய மெட்டு என்று காதில் விழுந்த எதையும் அவர் வீணாக்கவில்லை. மெட்டு முன்னே செல்ல, சொற்கள் பின்னே வந்தன.

அக்காலத்தில் பாடகர் அப்பாஸுத்தீன் அகமது ஒரு கேள்வி கேட்டார். உருதுக் கவ்வாலி இசைத்தட்டுகள் இவ்வளவு விற்கும்போது, வங்க மொழியில் இஸ்லாமியப் பாடல்கள் ஏன் வரக்கூடாது? முஸ்லிம்களிடையே பாட்டுக்கு எதிர்ப்பு இருந்த காலம். விற்காது என்று கம்பனிப் பொறுப்பாளர் மறுத்தார். சில மாதங்களின் பின்னரே இணங்கினார். நஸ்ருல் வெற்றிலையோடும் தேநீரோடும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். அரை மணி நேரத்தில் நோன்புப் பெருநாளைப் பற்றிய பாட்டோடு வெளியே வந்தார். 1932ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு அந்த இசைத்தட்டு வெளியானது. பெருநாள் முடிந்து ட்ராமில் சென்ற அப்பாஸுத்தீன், பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அதை முணுமுணுப்பதைக் கேட்டு வியந்தார். இன்றும் ஷவ்வால் பிறை தென்பட்டதும் பங்களாதேஷ் வீடுகளில் ஒலிப்பது அந்தப் பாட்டுத்தான். அரை மணி நேரத்தில் பிறந்த பாட்டு என்கிறோம். பாங்கு சொன்ன நாள் முதல் கேட்டவையெல்லாம் அதற்குள் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

அவர் இந்துப் பக்திப் பாடல்களும் எழுதியதால் சிலர் அவரைக் காபிர் என்றனர். அவர் எல்லோருடைய பாட்டையும் கேட்டார். அதற்கான விலையையும் கொடுத்தார். அதைவிடப் பெரிய துயரம் 1930இல் வந்தது. 'புல்புல்' என்று அழைக்கப்பட்ட அவருடைய சின்ன மகனுக்கு அம்மை கண்டது. பிள்ளையின் படுக்கை அருகே இருந்தபடியே ஹாபிஸின் ருபாயத்தை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு முடிந்த நாளிலேயே பிள்ளையும் போய்விட்டது.

1942இல் ஒரு நோய் அவருடைய பேச்சையும் நினைவையும் பறித்தது. 1953இல் இலண்டனிலும் வியன்னாவிலும் மருத்துவர்கள் பார்த்தும் குணம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்தவர் 34 ஆண்டுகள் மௌனமாக வாழ்ந்தார். அந்த ஆண்டுகளிலும் வானொலியில் அவருடைய பாடல்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. 1972இல் பங்களாதேஷ் அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. 1976 ஆகஸ்ட் 29இல் அவர் வபாத்தானார்.

பள்ளிவாசலின் அருகே தன்னை அடக்கவேண்டும், கப்ரில் இருந்தும் பாங்கோசையைக் கேட்கவேண்டும் என்று ஒரு பாடலில் அவர் ஆசைப்பட்டிருந்தார். அதன்படியே டாக்காப் பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

எழுத விரும்பும் நாம் பேனையைத் தேடுகிறோம், நல்ல தலைப்பைத் தேடுகிறோம். ஐவேளை பாங்கு, உம்மாவின் தாலாட்டு, கடற்கரையில் வலை இழுப்போரின் பாட்டு எல்லாம் நம் காதருகேதான் இருக்கின்றன. கொஞ்சம் நின்று கேட்டால் என்ன?