மஞ்சக்காட்டுவலசு தந்த தூரன்

கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பெடுக்க நூலகம் சென்றால் நாம் முதலில் தேடுவது எதை? குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை அல்லவா? தையல் விட்டுப்போன அந்தப் பத்துத் தொகுதிகளையும் ஆண்டுதோறும் புரட்டுகிறோம். ஆனால் முதற் பக்கங்களில் அச்சாகியுள்ள முதன்மைப் பதிப்பாசிரியரின் பெயரை மட்டும் ஏனோ நாம் படிப்பதே இல்லை. ம. ப. பெரியசாமித் தூரன் என்னும் அப்பெயருக்குரியவர் நம் கொங்கு மண்ணின் மைந்தர் என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சற்று நாணமாகவே இருந்தது.

ஈரோட்டிற்குத் தெற்கே மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டுவலசு என்றொரு சிற்றூர். அங்கே 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பழனிவேலப்பக் கவுண்டருக்கும் பாவாத்தாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1979-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நமக்கு இடமுண்டு. தூரன் என்பது அவர்தம் குலப் பெயர். அதையே புனைபெயராகவும் வைத்துக்கொண்டார்.

வலசு என்பது காட்டுக்கு நடுவே நாலைந்து பண்ணையங்கள் சேர்ந்து உண்டான குடியிருப்பு. கொங்கு நாட்டில் காடு என்றால் மரமடர்ந்த வனம் அன்று. மழையை நம்பிய மேட்டு நிலமே காடு. கிளுவை வேலி போட்ட காடுகளில் கம்பும் சோளமும் விளையும். வேலிக்குள் ஆடுமாடுகள் மேயும். விடியுமுன்னே கிணற்று மேட்டில் கவலை ஓடத் தொடங்கிவிடும். எருதுகள் சரிவில் இறங்க, தோல் பறி நீரை மொண்டு மேலே வரும். அவற்றை ஓட்டுபவர் இழுத்துப் பாடும் பாட்டு அடுத்த தோட்டத்திற்கும் கேட்கும். நாற்று நடுகையில் ஒரு பாட்டு, நெல் குத்துகையில் ஒரு பாட்டு, தொட்டிலை ஆட்டுகையில் ஒரு பாட்டு, இழவு வீட்டில் ஒப்பாரி. எழுத்தறியாத பெண்களே இவற்றிற்கெல்லாம் புலவர்கள். கோயில் நோன்பு வந்துவிட்டால் உடுக்கை ஒலிக்க அண்ணன்மார் கதை இரவிரவாக நடக்கும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்ந்தபின் தங்கை தங்காள் புலம்பும் இடத்தில் அழாத கண்ணே இராது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இத்தகைய பாட்டுகளின் நடுவேதான் பெரியசாமி வளர்ந்தார். இளமையிலேயே தாயை இழந்துவிட்ட அவரைப் பேணியவர் பாட்டி. தாயில்லாப் பிள்ளைக்குப் பாட்டியின் குரலே தாய்மொழியாயிற்று என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம்.

மொடக்குறிச்சியில் தொடக்கக் கல்வி, ஈரோட்டில் உயர்நிலைக் கல்வி, பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் என்று படிப்பு தொடர்ந்தது. மாணவராயிருந்தபோதே நண்பர்களுடன் சேர்ந்து 'பித்தன்' என்ற இதழை நடத்தினார்.

இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், 1931 மார்ச் 23 அன்று, லாகூர்ச் சிறையில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். பஞ்சாபின் லயல்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வயற்புறத்தில் வளர்ந்த அவ்விளைஞர், தூரனைவிட ஓராண்டே மூத்தவர். அந்தச் செய்தி கேட்டுக் கலங்கிய தூரன் தேர்வை எழுதவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சென்னை சென்று பட்டம் பெறுவது அக்காலத்தில் எத்தனை அரிது! அவரை அனுப்பிவிட்டு ஊரில் காத்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இதைப் பற்றி எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. எங்களில் பலர் தேர்வை எழுதி முடித்துவிட்டுத்தான் வருந்தியிருப்போம். உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன?

பின்னர் அவர் ஆசிரியரானார். கோபிசெட்டிபாளையத்திலும், அவினாசிலிங்கம் அவர்கள் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பணியாற்றினார். சிறுகதை, நாடகம், கீர்த்தனை என்று அவர் தொடாத துறை குறைவு. அவர் இயற்றிய தமிழிசைப் பாடல்கள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. இருந்தும் எங்கள் மனத்தைத் தொட்டது, அவர் நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டிய செயலே. கற்றவர்கள் பலர் அவற்றைப் பாமரர் பிதற்றல் என்று ஒதுக்கிய காலம் அது. கவலை ஓட்டுபவரும் களையெடுக்கும் பெண்களும் பாடியவற்றை ஏட்டிலேற்றி, நயம் சொல்லி விளக்கினார். அவ்வாறு அவர் படைத்த நூல்களில் ஒன்றிற்குக் 'காற்றில் வந்த கவிதை' என்று பெயரிட்டார். இதைவிடப் பொருத்தமான பெயர் வேறுண்டோ?

1946-இல் அவினாசிலிங்கம் அவர்கள் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். உலக அறிவு முழுவதையும் தமிழில் தொகுக்க வேண்டும் என்ற பெரும்பணி தூரனிடம் வந்து சேர்ந்தது. அறிவியலுக்குத் தமிழில் சொல்லேது என்று பலர் கேட்ட நாள்கள் அவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களிடமிருந்து கட்டுரைகளைப் பெற்று, கலைச்சொற்களை ஆராய்ந்து, நடையைச் சீராக்கி, 1954-இல் முதல் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். பத்தாவது தொகுதி 1968-இல் வந்தது. பத்மபூஷண் விருது அவரை நாடி வந்ததும் அதே ஆண்டில்தான். வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். அவரோ அறுபது வயதில், சிறுவர் சிறுமியருக்கென இன்னும் பத்துத் தொகுதிகளைத் தொடங்கினார்! சர்க்கரை மில் முதல் சந்திரன் வரை, எதையும் பாட்டி பேரனுக்குச் சொல்வது போன்ற எளிய தமிழில் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு அகராதி மட்டும் போதுமா? மஞ்சக்காட்டுவலசில் கேட்ட பேச்சும் வேண்டும் என்பது எங்கள் துணிபு.

தூரன் 1987 ஜனவரி 20 அன்று மறைந்தார். அவருடைய கலைக்களஞ்சியங்களை இப்போது இணையத்திலும் படிக்கலாம். கவலை ஓடிய கிணறுகளில் மின்மோட்டார் வந்து வெகுகாலமாயிற்று. அதன் ஓசைக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை.

இக்கட்டுரைக்காக எங்களில் ஒருத்தி, காங்கேயத்துக்கு அருகிலுள்ள தன் ஆத்தாவிடம் அமர்ந்து இரண்டு நடவுப் பாட்டுகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்தாள். முதற்பாட்டு முழுமையாகக் கிடைத்தது. இரண்டாவதில் நடு அடிகள் நான்கு ஆத்தாவுக்கே மறந்துவிட்டன. அதை அறிந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சென்ற ஆடியில் காலமாகிவிட்டாராம். அந்த நான்கு வரிகளுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.