பானட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர்

திருத்தணியில் எந்தத் தெருவில் நடந்தாலும் அப்படி ஒரு காரை நீங்கள் பார்த்துவிடலாம். உறை போட்டு மூடியிருக்கும். உறை மேல் வேப்பஞ்சருகு. முன் சக்கரத்தை ஒட்டி ஒரு பூனை. கிருத்திகைக்கு ஒரு தடவை மலை ஏறும், திருப்பதியில் கல்யாணம் என்றால் போய் வரும், மத்த நாளெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டாத காரை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும். நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் திருவள்ளூருக்கோ சென்னைக்கோ கிளம்ப ஒரு வண்டி வேண்டும்.

நியாயமான காரணம். ஆனால் அந்த ராத்திரியில் சாவியைத் திருப்பும்போது டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தால்?

அந்த டிக் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறார். காஸ்டன் பிளாண்டே. பாடப் புத்தகத்தில் லெட் ஆசிட் பேட்டரி, 1859, பிளாண்டே என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருப்போம். ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், வாசலில் நிற்கும் கார் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

பிளாண்டே 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஒர்த்தெஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தம்பி பிரான்சிஸ் பியானோ வாசிப்பில் பெரிய பெயர் எடுத்தவர். அந்தக் காலத்தில் அண்ணனைவிடத் தம்பியைத்தான் ஊருக்குத் தெரிந்திருக்கும். காஸ்டன் இருபது வயதில், 1854இல், பாரிஸில் எட்மண்ட் பெக்கரலிடம் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே பாரிஸ் பக்கத்தில் மெடோன் என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து ஒரு பெரிய எலும்பைக் கண்டெடுத்தார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த, பறக்க முடியாத, ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு பறவையின் எலும்பு அது. பறவைக்கு அவர் பெயரையே வைத்து காஸ்டோர்னிஸ் என்றார்கள். இருபத்தொரு வயதில் பெயரில் ஒரு பறவை! நம்மில் பலர் அந்த வயதில் அரியர் எண்ணிக்கொண்டிருப்போம்.

எலும்போடு நின்றிருந்தால் அவர் வேறு துறைக்குப் போயிருப்பார். அவரை இழுத்தது வேறொரு தொல்லை. அப்போதைய பேட்டரி எல்லாமே ஒரு தடவைதான். துத்தநாகம் கரையும், மின்சாரம் வரும், துத்தநாகம் தீர்ந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். வேலை செய்துகொண்டிருக்கும்போதே தகடுகளில் எதிர் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இதைத்தான் போலரைசேஷன் என்று படிக்கிறோம். எல்லோரும் அந்தத் தொல்லையை எப்படி ஒழிப்பது என்று யோசித்தபோது, பிளாண்டே அதை வளர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். எதிர்த்துத் தள்ளுகிற அந்த அழுத்தத்தையே சேமித்து வைத்துப் பயன்படுத்த முடியாதா? தாமிரம், வெள்ளீயம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உலோகம் உலோகமாகச் சோதித்தார். கடைசியில் ஜெயித்தது விலை மலிவான ஈயம். ஈயத்திலும் இந்த விளைவு உண்டு என்பதை ஜெர்மனியில் சின்ஸ்டெடன் அவருக்குச் சில வருஷம் முன்பே கவனித்திருந்தார். அதைக் கையில் எடுத்துப் பயன்படும் பொருளாக்கியது பிளாண்டே.

1859இல் அவர் செய்தது ரொம்ப எளிமையானது. ரெண்டு ஈயத் தகடு, நடுவில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத் துணி. பாயைச் சுருட்டுவது மாதிரிச் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கினார். 1860 மார்ச்சில் இப்படிப்பட்ட ஒன்பது செல்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் முன் வைத்தார். அந்த வயதுக்குப் பெரிய மேடை.

இந்த இடத்தில்தான் நிற்கும் காரின் கதையும் ஆரம்பிக்கிறது. புதுத் தகடு மின்சாரத்தை அதிகம் தாங்காது. சார்ஜ் ஏற்றி, இறக்கி, திசையை மாற்றி மறுபடி ஏற்றி, நடுநடுவே சும்மா விட்டு, இப்படி மாசக்கணக்கில் செய்தால்தான் ஈயத்தின் மேல்தோல் மாறும். ஒரு தகட்டில் ஈய டை ஆக்சைடு, இன்னொன்றில் பஞ்சு மாதிரி ஈயம். நடுவில் விட்ட ஓய்வும் வேலையின் பகுதிதான். அந்த ஓய்வில் டை ஆக்சைடும் அடியில் இருக்கும் ஈயமும் தங்களுக்குள்ளேயே வினைபுரிந்து ஈய சல்பேட் உண்டாகும், அடுத்த சார்ஜில் மாற்றம் இன்னும் ஆழமாக இறங்கும். பிளாண்டே இதைப் பொறுமையாகக் கணக்கு வைத்து, ஓய்வை மணியிலிருந்து நாளாக, நாளிலிருந்து வாரமாக நீட்டினார்.

அவருக்கு உதவிய அதே சல்பேட்தான் நம் காருக்கு எமன். பேட்டரி சார்ஜ் இறங்கும்போது ரெண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும். இது இயல்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து திரும்பப் போய்விடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். அப்புறம் எந்த சார்ஜர் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. சும்மா நிற்கும் கார் பேட்டரி பெரும்பாலும் சாவது இப்படித்தான். ஓடி ஓடித் தேய்ந்து இல்லை.

சும்மா நிற்கும் காரில் எப்படி இறங்கும் என்று கேட்பீர்கள். கடிகாரம், அலாரம், ரிமோட் லாக், கணினிப் பெட்டி எல்லாம் தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்பார்கள். கால்குலேட்டரை எடுங்கள். 0.05 ஆம்பியர், 24 மணி நேரம்: ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. சுமார் பதினைந்து நாளில் பாதி காலி. ஒரு கிருத்திகைக்கும் அடுத்த கிருத்திகைக்கும் நடுவில் 27 நாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுகிறோமே என்று அப்பாக்கள் சொல்வார்கள். அதுக்கும் கணக்கு இருக்கு. நின்ற இடத்தில் ஓடும் என்ஜினிலிருந்து பேட்டரிக்குப் பத்து ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அஞ்சு நிமிஷத்தில் ஏறுவது 0.8 ஆம்பியர் அவர். வாரத்தில் இறங்கியது 8.4. ஒரு நாள் செலவுக்கே பத்தவில்லை. அதுக்குப் பதிலாக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் நிஜமாகவே ஓட்டுங்கள். அரக்கோணம் வரை போய்த் திரும்பி வந்தாலே போதும்.

பிளாண்டேவுக்கு வருவோம். அவர் செல் பிரமாதமாக வேலை செய்தது, ஆனால் சார்ஜ் பண்ண ஆள் இல்லை! டைனமோ வரவில்லை. பழைய ஒரு தடவை பேட்டரியை வைத்துத்தான் புதுசை சார்ஜ் ஏற்ற வேண்டும். குடத்தில் நீர் ஊற்ற டம்ளர் டம்ளராக விலைக்கு வாங்குவது மாதிரி. கிராம் செய்த டைனமோ அகாடமிக்கு வந்ததே 1871இல். அதுவரை, ஏன், அதுக்குப் பிறகும் பல வருஷம் பிளாண்டேவின் கண்டுபிடிப்பு ஆய்வகப் பொருளாகவே கிடந்தது. பத்து, பதினைந்து வருஷம் உலகம் கண்டுகொள்ளாத ஒன்றை விடாமல் செய்துகொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்டை மூணாவது வாரத்திலேயே மாற்றும் நமக்குத் தெரியாமலா இருக்கும்.

அந்தக் காலத்தை அவர் வீணாக்கவில்லை. நூற்றுக்கணக்கான செல்களை வரிசையாக இணைத்து உயர் மின்னழுத்தம் உண்டாக்கினார். மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் சார்ஜ் ஏற்றித் தொடர் இணைப்பில் இறக்கும் ஒரு கருவி செய்தார். ஹை வோல்டேஜ் லேபில் இருக்கும் மார்க்ஸ் ஜெனரேட்டருக்கு அது தாத்தா முறை. பந்து மின்னல், துருவ ஒளி எல்லாம் எப்படி வருகின்றன என்று மேஜை மேலேயே பொறிகளை உண்டாக்கிப் பார்த்தார். 1879இல் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

1881இல் கமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வழி கண்டார். மாசக்கணக்கில் தகட்டைப் பழக்குவதற்குப் பதிலாக, ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டின் மேல் அப்பிவிட்டார். தொழிற்சாலைகளுக்குக் கதவு திறந்தது. அதே வருஷம் ட்ரூவே என்பவர் பாரிஸ் தெருவில் பேட்டரி மூணு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். பிளாண்டே 1889 மே 21 அன்று மெடோனில் இறந்தார், பறவை எலும்பு கிடைத்த அதே ஊர். வயது 55. கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததோ 1912இல், கேடிலாக் வண்டியில். பானட்டுக்குள் தன் பெட்டி உட்காரப் போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5. அதாவது எட்டு மாசம் போல அவரும் பிளாண்டேவும் ஒரே காலத்தில் இந்தப் பூமியில் இருந்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைதான் பின்னால் துணைக் குடியரசுத் தலைவராகி, 1953 ஜனவரி 14 அன்று காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த நிலையம். இந்தியாவில் பேட்டரி ஆராய்ச்சி என்றால் முதலில் வரும் பெயர்களில் அது ஒன்று. வடக்கே எல்லையைத் தாண்டினால் திருப்பதி பக்கம் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி ஆலை. நாம் நடுவில் இருக்கிறோம்.

இனி கடைக்குப் போகும்போது. முதலில் பேட்டரியின் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். கடை அலமாரியில் கிடப்பதும் ஓய்வுதான், சல்பேட்டுக்கு அலமாரி, கார் என்ற வித்தியாசம் தெரியாது. மூணு மாசத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேளுங்கள். கடைக்காரரிடமே மல்டிமீட்டர் இருக்கும், வைக்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2க்கு வந்தால் பாதி. 12.4க்குக் கீழே இருப்பதை வாங்காதீர்கள். டெர்மினல் இடமா வலமா, தட்டில் உட்காருமா என்பது அடுத்து. பெரிய பேட்டரி போட்டால் தாங்குமே என்பார்கள். 35க்குப் பதில் 44 போட்டால் பாதிக்கு வர பதினெட்டு நாள் ஆகும். கூடுதலாகக் கிடைப்பது நாலே நாள். அதுக்கு அவ்வளவு பணமா என்பது என் கருத்து. குளிரில் ஸ்டார்ட் ஆகும் திறனைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது மைனஸ் 18 டிகிரியில் அளப்பது. மே மாசம் தமிழ்நாட்டு வெயில் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் நமக்கு அதுக்காகத் தனியாகச் செலவு வேண்டாம். நமக்கு எதிரி சூடு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காரை நிழலில் விடுவது நல்ல பிராண்ட் வாங்குவதைவிட உதவும். ஏஜிஎம் வகை வேண்டுமா? வண்டி அதோடு வந்திருந்தால் அதையேதான் போட வேண்டும். இல்லை என்றால் சாதாரண வகை போதும்.

மாசக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாக மெதுவாக இறங்கும், அதனால் மாசம் ஒரு தடவை காற்றோட்டமான இடத்தில் சின்ன சார்ஜரில் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் ஊதுபத்திகூட வேண்டாம். மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அமிலம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். தெருவில் வருபவரிடம் எடைக்குப் போட்டால் சில பேர் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகை முதலில் போவது பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூச்சுக்குள்தான்.