புலி வேட்டைக்கு இவ்வளவு சின்னத் தோட்டாவா? ஜிம் கார்பெட்டும் அவரது ரைஃபிளும்

ஜிம் கார்பெட் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இமயமலை அடிவாரத்தில், குமாவுன் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளைப் பெரும்பாலும் தனி ஆளாகத் தேடிப் போனவர். இந்தியாவில் ஒரு தேசியப் பூங்காவே அவர் பெயரில் இருக்கிறது.

அவர் கையில் என்ன துப்பாக்கி இருந்தது, தெரியுமா?

புலி வேட்டை என்றதும் பீரங்கி மாதிரி ஒன்றை மனத்தில் கற்பனை செய்வோம். அவரிடம் அப்படிப்பட்டதும் இருந்தது. ஆனால் அவருடைய பேர்பெற்ற ரைஃபிளின் தோட்டா 7 மில்லிமீட்டர் பருமன்தான். உங்கள் சுண்டுவிரலைவிட மெல்லியது.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்? பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

பிளந்த குழலில் தொடங்கிய பாடம்

1875 ஜூலை 25. நைனிதாலில் பிறந்தார் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். ஐரிஷ் வம்சாவளி. அப்பா அந்த ஊர்த் தபால் நிலையத் தலைவர். ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே அப்பா போய்விட்டார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு இறங்கிவிடுவார்கள். வீட்டைச் சுற்றிக் காடு.

பையன் கையில் முதலில் உண்டிவில், பிறகு வில். அப்புறம் ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. மருந்தைக் குழலின் வாய் வழியாகத் திணிக்க வேண்டிய ரகம். அதிலும் ஒரு குழல் பிளந்திருந்தது. ஆக, ஒரே வெடி. தவறினால் மறுபடி மருந்து திணிக்கும்வரை வெறுங்கைதான். குறி வைக்காமல் சுடக்கூடாது என்பதை இதைவிட நன்றாக எந்த வாத்தியாரும் சொல்லித்தர முடியாது.

பதின்ம வயது முடிவதற்குள் ரயில்வே வேலை. பிறகு பீகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் சரக்கு மாற்றி ஏற்றும் ஒப்பந்தம். இருபது ஆண்டுக்கு மேல் அதுதான் அவருடைய பிழைப்பு. ஆட்கொல்லி வேட்டை அவர் தொழிலே இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் செய்த வேலை அது.

மூன்றே தோட்டா

1907இல் சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் 200 பேர், குமாவுனில் 236 பேர் என 436 உயிர்கள் அதன் கணக்கில் எழுதப்பட்டிருந்தன.

கார்பெட் அன்று எடுத்துப்போனது பெரிய குழல் ரைஃபிள். தோட்டா மூன்றே மூன்று. அதிகபட்சம் இருமுறை சுடத்தான் வாய்ப்புக் கிடைக்கும், அதிகம் எதற்கு என்ற நினைப்பு. மூன்றும் தீர்ந்தது. அடிபட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது. கூட வந்த தாசில்தாரிடம் ஓடிப்போய், அவருடைய பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் நடுவே இடைவெளி தெரிந்தது. சுட்டால் வெடித்துத் தன் முகத்திலேயே அடிக்குமோ என்ற நிலையில்தான் விசையை இழுத்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது. வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதி. கீழ்ப் பல் எலும்புவரை. எப்போதோ எவரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். துப்பாக்கி, தோட்டா தேர்வு என்பது வேட்டைக்காரரின் சொந்த விருப்பம் மட்டுமல்ல என்பது இங்கேதான் புரியும். யாரோ ஒருவர் அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனார். விலை கொடுத்தது விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் போன பெண்கள்.

பரிசாக வந்த .275

சம்பாவத் வேட்டைக்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு ரைஃபிள் பரிசளித்தார். லண்டன் ஜான் ரிக்பி நிறுவனத்தின் .275. அதன் கட்டையில் வெள்ளித் தகடு பதித்திருந்தது.

பெயர் ஆங்கிலேயப் பெயர் என்றாலும் தோட்டா ஜெர்மனியின் 7x57 மௌசர்தான். ஒருமுறை சுட்டதும் போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும்.

எடையைப் பாருங்கள். .275 ரிக்பியின் குண்டு சுமார் 9 கிராம். கார்பெட் வைத்திருந்த இன்னொரு துப்பாக்கி .450/400 இரட்டைக் குழல். அதன் குண்டு சுமார் 26 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடியும் அதற்கேற்ற மாதிரி பெரிது. அப்புறம் எதற்குச் சின்னது?

கனமான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையில் நாள்முழுக்க நடந்தால் கை சோர்ந்துவிடும். பெரிய தோட்டா சுடும்போது தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுபவர்கள் நிறைய. 7 மில்லிமீட்டர் குண்டு மெல்லியதாகவும் நீளமாகவும் இருப்பதால் வேகமாக, நேராகப் போகும். சதைக்குள் ஆழமாகவும் இறங்கும். சரியான இடத்தில் பட்டால் போதும். படாவிட்டால்? அதுதான் சிக்கல். பாய்ந்துவரும் புலியை அங்கேயே நிறுத்தும் பலம் அதற்குக் குறைவு.

குண்டின் நுனியும் முக்கியம். ஈயம் வெளியே தெரியும் மென்நுனிக் குண்டு உடலுக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். காயத்தோடு புலி தப்பிக்கும். சம்பாவத் கதை மறுபடி தொடங்கும்.

இடது கையில் இரண்டு முட்டை

1930 ஏப்ரல் 11. சௌகர் பெண்புலியைத் தேடிப் போன கார்பெட், வழியில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டு எடுத்தார். முட்டை சேகரிக்கும் பழக்கம் அவருக்கு. ஆட்கொல்லி சுற்றும் இடத்தில் போய் முட்டையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்!

இடது கையில் முட்டை, வலது கையில் .275. ஒரு பெரிய பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார். எட்டு அடி தூரத்தில் புலியின் முகம்.

சட்டென்று அசைந்திருந்தால் பாய்ந்திருக்கும். ஒரே கையால் ரைஃபிளை மெதுவாக, மிக மெதுவாகச் சுழற்றினார். கை கிட்டத்தட்ட முழுதாக நீண்ட நிலையில் சுட்டார். குண்டு முதுகெலும்பை முறித்து இதயத்தையும் சிதைத்தது.

இரட்டைக் குழல் ரைஃபிள் என்றால் அப்படி ஒரு கையால் திருப்பியிருக்க முடியுமா? தான் தப்பியதற்கு அவர் சொன்ன காரணங்களில் லேசான ரைஃபிளும் ஒன்று, முட்டைகளும் ஒன்று. முட்டைகளைப் பிறகு கூட்டிலேயே வைத்துவிட்டார்.

அதற்கு முன், 1926 மே மாதத்தில், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை வீழ்த்தியதும் அதே .275தான். மாமரத்தில் பல இரவு காத்திருந்தார். டார்ச் ஒளி ஒரு கணம் தெரிந்தது, ஒரு குண்டு, டார்ச் அணைந்துபோனது. விடியும்வரை சிறுத்தை செத்ததா என்றே தெரியாது.

அதற்காக எல்லா இடத்துக்கும் சின்னத் துப்பாக்கிதான் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. 1910இல் பனார் சிறுத்தையைச் சுட்டது சாதாரண ஷாட்கன்னால். 1938இல், 63 வயதில், கடைசி ஆட்கொல்லியான தாக் பெண்புலிக்குக் கையில் எடுத்தது பெரிய இரட்டைக் குழல். இருட்டும் நேரம், மிக அருகில் வரப்போகும் புலி. அங்கே வேறு கணக்கு.

துப்பாக்கிக்குப் பிறகு கேமரா

பிற்காலத்தில் அவர் புலிகளைச் சுட்டதைவிடப் படம் பிடித்ததே அதிகம். 1936இல் குமாவுன் அடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இறந்தபிறகு அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1947இல் அக்கா மேகியுடன் கென்யாவின் நியேரிக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19இல் அங்கேயே காலமானார். இந்தியாவில் புலி வேட்டை இன்று சட்டவிரோதம். 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது.

அந்த .275 இப்போது மறுபடி ரிக்பி நிறுவனத்திடமே இருக்கிறது.

நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968இல் இந்தோசீனப் புலி இனப்பிரிவுக்கு அறிவியலில் அவர் நினைவாகக் கார்பெட்டி என்று பெயரிட்டார்கள். மலேசியக் காட்டுப் புலிகளும் அந்தப் பெயரில்தான் அடங்கின. 2004இல் மரபணு ஆய்வுக்குப் பிறகுதான் மலாயாப் புலி தனியாகப் பிரிக்கப்பட்டது. காடுகளில் அவை இப்போது 150க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது.